துன்னட்டும் விடு தம்பி

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் வாடகைக்குப் போன அன்று, சாமான் வண்டியிலிருந்து ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. அதற்குள் எங்கள் கையில் சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டது. வீட்டுக்கார அக்கா கீழ்வீட்டில் இருந்தார், நாங்கள் மாடிக்கு வந்திருந்தோம். வண்டி ஓட்டிவந்தவருக்கு ஒரு தட்டு, சுமை இறக்க வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று, எனக்கும் என் மனைவிக்கும் ஒவ்வொன்று. எலுமிச்சம்பழச் சோறு, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். என் மனைவிக்கு வழியெல்லாம் வாந்தி. "எனக்கு வேணாங்க்கா, வயிறு சரியில்ல" என்றாள்.

"வாந்தி எடுத்த வயிறு காலியா கீதும்மா. காலியா வுட்டா இன்னும் பொரட்டும். துன்னு" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தார்.

அன்றைக்கு எனக்கு அது பெரிய அன்பாகத் தெரிந்தது. வேறு வீட்டுக்காரர்கள் மோட்டார் போடும் நேரத்தையும் ஆணி அடிக்கக் கூடாத சுவரையும் சொல்லித்தான் வரவேற்பார்கள். ஆனால் இப்போது அவரை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அதற்குப் பின்னால் வரும். சில நாள் வராமலும் போகும்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நாகலாபுரத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து, கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. அவர் கணவரை நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். அவள் வீடியோவில் கூப்பிட்டால் அக்கா மகள் முகத்தைப் பார்க்க மாட்டார். "தட்ட காட்டு. இன்னா துன்ற, காட்டு" என்பார். மகள் போனைத் தட்டின் பக்கம் சாய்க்க வேண்டும். அப்புறம்தான் நலம் விசாரிப்பு.

ஊரிலிருந்து மலைக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் போகும்போது ஒரு தடவையும் மொட்டைத் தலையோடும் லட்டுப் பையோடும் இறங்கி வரும்போது ஒரு தடவையும் அந்த வீட்டில் சாப்பிட்டாக வேண்டும். "துன்னுட்டோம்" என்று யாராவது சொல்லிவிட்டால் விசாரணை ஆரம்பமாகும். எங்கே, எப்போது, என்ன, எவ்வளவு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இதற்குப் பயந்து சிலிண்டரைக் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பார். அக்கா வாசலுக்கு வருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

"வாய்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் போடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் தம்பி" என்பார்.

நான் அப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாணவர் சேர்க்கை குறைந்துபோய், எங்களில் சிலரை அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். பகல் முழுக்க நான் மாடியில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. வேறு இடங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை. ஏதாவது ஒன்று, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், என் கையால் நடந்து முடிய வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. அப்படித்தான் நன்னீர் இறால் வளர்க்கலாம் என்று இறங்கினேன். செர்ரி இறால் என்பார்கள். நகத்தளவுதான் இருக்கும், நல்ல சிவப்பு. சரியான தண்ணீர் அமைந்தால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்துப் பெருகும்.

மாடியில் அதை வைக்க முடியாது. வெயில் காலத்தில் தளம் காய்ந்து சுவரே சுடும். கீழ்வீட்டுக் கூடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை எப்போதும் குளிர்ந்திருக்கும். அந்த இடத்தைக் கேட்டேன்.

"இன்னா வளக்கப் போற?"

"இறால்க்கா. சின்னது."

"கொழம்பு வக்கற சைசுக்கு வர எத்தினி நாளாவும்?"

"அது அதுக்கு மேல வளராதுக்கா. சாப்பிடறதுக்கு இல்ல."

"துன்றதுக்கு இல்லியா? பின்ன இன்னாத்துக்கு?"

"பாக்கறதுக்கு. பெருக வைக்கறதுக்கு."

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா தினசரியிலிருந்து தலையைத் தூக்காமல், "வச்சிக்கட்டும், ஒரு மூலதானே" என்றார்.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அடியில் கறுப்பு மணல். காற்று மோட்டாரில் ஓடுகிற ஒரு பஞ்சு வடிகட்டி. ஒரு மரவேர்த் துண்டில் கட்டிய பாசிக்கொத்து. தெருமுனை பாதாம் மரத்திலிருந்து உதிர்ந்த காய்ந்த இலைகளைக் கொதிக்க வைத்துப் போட்டேன். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். அதனால் கேன் தண்ணீரைக் கலந்து கலந்து அளவுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் முடிந்து மோட்டாரைப் போட்டதும் குமிழிகள் மேலே வந்தன. அக்கா ஒரு கிண்ணம் சுண்டலோடு வந்து நின்றார்.

"எங்க இறாலு?"

"இப்ப விடக் கூடாதுக்கா. மொதல்ல தொட்டிய சைக்கிள் பண்ணணும்."

"தொட்டிக்குள்ள இன்னா சைக்கிளு?"

எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். தண்ணீரில் எது அழுகினாலும் அமோனியா உண்டாகும், இறாலுக்கு அது விஷம். அதைத் தின்று வேறொன்றாக மாற்றுவதற்கு ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. அது மாற்றிக் கொடுப்பதும் விஷம்தான். அதையும் தின்று ஆபத்தில்லாததாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இந்த இரண்டும் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை நானே கொஞ்சம் அமோனியாக் கரைசல் விட்டு, சோதனைக் குழாயில் நிறத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது உயிரோட கீதா?" என்றார்.

"எது?"

"நீ சொன்ன அந்தப் பாட்டீரியா."

"ஆமாக்கா, உயிர்தான்."

அந்த ஆமாம்தான் எனக்கு வினையாக வந்தது.

முதலில் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. குழாயில் சொட்டு விட்டால் பச்சை வரும். நாளாக ஆகப் பச்சை வெளுத்து மஞ்சளாக வேண்டும். எனக்கு அது வெளுக்கவில்லை, கறுத்துக்கொண்டே போனது. தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகி, கூடத்தில் ஒரு புளித்த நாற்றம் அடித்தது. மணலைச் சந்தேகப்பட்டேன். கேன் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். சோதனை மருந்து காலாவதி ஆகிவிட்டதோ என்று வேறு வாங்கினேன். முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் பால். இதைக்கூட நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே என்று மாடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். மனைவி வந்து, "தண்ணிகூட உன் பேச்ச கேக்கலையா?" என்பாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒரு மத்தியானம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சுவிட்சை அணைக்கக் கீழே இறங்கியபோது பார்த்தேன். அக்கா தொட்டி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கைப்பிடி சோற்றை நன்றாகப் பிசைந்து தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார், கைக்குழந்தைக்குக் கரைக்கிற மாதிரி.

"அக்கா!"

"கத்தாத. பயந்துக்கும்."

"எது பயந்துக்கும்? உள்ள ஒண்ணுமே இல்லியேக்கா!"

"நீதானே சொன்ன, உயிரோட கீதுன்னு. கண்ணுக்குத் தெரியலன்னா பசிக்காதா? இத்தினி நாளா ஒண்ணும் போடாம வச்சிக்கினு கீற. கொஞ்சம் துன்னட்டும் விடு தம்பி."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். சோறு அழுகினால் அமோனியா, அமோனியாதான் அந்தக் கிருமிக்குச் சாப்பாடு, நான் விடுகிற சொட்டே அதற்குப் போதும். ஒரு பருக்கையோ இரண்டோ என்றால் கெடுதல் இல்லை, உதவிகூடச் செய்திருக்கும். ஆனால் ஒரு பருக்கை என்பது அக்காவின் கைக்குத் தெரியாத அளவு.

"நீ ஊத்தறியே, அந்த நாத்தம் புடிச்ச தண்ணி, அதான் அதுக்கு சோறா?" என்று கேட்டார். தொட்டியைப் பார்த்து, "பாவம்" என்றார்.

மூடியின் மேல் ஒரு கல்லை வைத்தேன். மாமாவிடம் சொல்லி வைத்தேன். அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். ஒரு மாதம் என்றது மூன்று மாதத்துக்குப் பக்கமாகி, ஒரு நாள் குழாயில் மஞ்சள் வந்தது. இரண்டாவது விஷத்துக்கான சோதனையில் ஊதா மாறி வெளிர்நீலம் வந்தது. மனைவிக்குப் போன் செய்து, "வந்துருச்சு!" என்றேன்.

"காலேஜ்லேருந்தா?" என்று கத்தினாள். பின்னால் மிஷின் சத்தம்.

"இல்ல. அமோனியா சைபர் வந்துருச்சு."

கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இதற்கிடையில் மாமாவுக்கு வலது கால் பெருவிரல் பக்கத்தில் புதுச் செருப்பு கடித்துப் புண்ணானது. அவருக்குச் சர்க்கரை பல வருஷமாக உண்டு. புண் ஆறவில்லை. என் ஸ்கூட்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன், அக்கா ஆட்டோவில் வந்தார். டாக்டர் இளவயதுக்காரர். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று மாமாவிடம் தெலுங்கில் கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் இட்லி. நடுவில் கேழ்வரகுக் கூழ், உடம்புக்கு நல்லது என்று. பதினோரு மணிக்கு வாழைப்பழம். மத்தியானம் சோறு, "ரெண்டே தடவதான் சார் போடுவேன்." சாயந்திரம் போண்டா. ராத்திரி பழைய டாக்டர் சொன்னதால் சப்பாத்தி, சப்பாத்தி வயிற்றில் நிற்காது என்பதால் மேலே கொஞ்சம் சோறு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இப்படியே போட்டீங்கன்னா கால எடுக்க வேண்டி வரும்" என்றார்.

வெளியே வந்ததும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சோறு போடறவள பாத்து பேசற பேச்சா இது? சோறு போடறது தப்பா? அன்னம் பெட்டேதி தப்பா?" என்று தமிழிலும் தெலுங்கிலும் பொரிந்தார். வாசலிலேயே கொய்யாப்பழம் வாங்கி, கொய்யா கெடுதல் இல்லை என்று யாரோ சொன்னதாகச் சொல்லி, மாமாவின் கையில் கொடுத்தார். அவரும் வாங்கித் தின்றார். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் கொண்டுவரும் லட்டில் ஒரு துண்டு மாமாவுக்குப் போவதும் நிற்கவில்லை. கேட்டால், "பிரசாதம் தம்பி. அத வேணான்னு சொல்லலாமா? அதுல சக்கர ஏறாது" என்பார்.

நான் மாமாவைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். "வேணான்னு நீங்களாவது சொல்லலாமே மாமா."

"சொன்னா அவ துன்ன மாட்டா" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

இறால் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது. பையிலிருந்து நேரே தொட்டியில் கொட்டினால் செத்துவிடும். மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட்டுப் பழக்கிய பிறகு உள்ளே விட்டேன். பாசிக்கொத்தில் ஏறி நின்று முன்னங்கால்களால் இடைவிடாமல் எதையோ பொறுக்கித் தின்றன. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எப்ப பாத்தாலும் துன்னுக்கினே கீதுங்க. நம்ம ஜாதி" என்று சிரித்தார்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு சிட்டிகைத் தூள் போதும், அதுவும் நான்தான் போடுவேன் என்றேன். அக்கா தலையாட்டினார். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் சில பெண் இறால்களின் வயிற்றுக்குக் கீழே மஞ்சள் முட்டைகள் கொத்தாகத் தெரிந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷம் என்று ஒன்று வந்தது. முதலில் காட்டியது அக்காவுக்குத்தான்.

"புள்ளத்தாச்சியா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எத்தினி மாசம்?"

"மாசம் இல்லக்கா. மூணு நாலு வாரத்துல பொரிச்சிரும்."

"புள்ளத்தாச்சிக்கு ஒரு சிட்டிக தூளு போதுமா?"

"போதும்க்கா. தயவு செஞ்சு."

அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மலைக்குப் போய்விட்டு இறங்கினார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். கீழே வெள்ளை மூட்டம். மணலில் இறால்கள் சாய்ந்து கிடந்தன. சிவப்பு போய், கொதிதண்ணீரில் போட்டெடுத்த மாதிரி வெளிறிய ரோஜா நிறம். முட்டை வைத்திருந்தவை முட்டையோடேயே கிடந்தன. பஞ்சு வடிகட்டியின் மேல் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். ஏலக்காய் வாசனை. நெய் வாசனை.

"லட்டு போட்டீங்களா?"

அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றார். "துளிதான் தம்பி. செனையா கீதுங்களேன்னு... பிரசாதம்தானே."

"சத்தியம் பண்ணீங்களேக்கா!"

"பட்டினி போட்டு வளக்கணும்னா எதுக்கு வளக்கற? வாயில்லாத ஜீவன் கேக்குமா எனக்குப் போடுன்னு?"

"பசியால ஒண்ணும் சாகலக்கா. நீங்க போட்டதாலதான் செத்துச்சு."

மாமா காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது அவருக்கும் கேட்டது. அந்த வார்த்தை கொஞ்சம் கடுமைதான். ஆனால் அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானமும் அவர் தட்டோடு மாடிக்கு வந்தார். நான் கதவைத் திறந்து, "வேணாங்க்கா" என்றேன். விசாரணை எதுவும் இல்லை. ஒரு கையில் தட்டோடு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப்போனார். அதன் பிறகு வாரக்கணக்கில் மேலே வரவில்லை. நானும் தொட்டியைத் தொடவில்லை. பாசிக்குள் ஒன்றிரண்டு பிழைத்திருப்பது தெரிந்தது. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் ஓட விட்டேன்.

மாமாவின் விரல் கறுத்தது அந்தச் சமயத்தில்தான். சாயந்திரம் காய்ச்சல், குளிர். அக்கா தெருவில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். மீதிப் பாதத்தைக் காப்பாற்றுவது சர்க்கரை அடங்குவதைப் பொறுத்தது என்றார்கள். அக்கா அங்கேயே தங்கிவிட்டார். மாமாவுக்கு மருத்துவமனைச் சாப்பாடுதான், வெளிச்சாப்பாடு கூடாது. ஒரு நாள் நான் போனபோது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு அக்கா பன் வாங்கிக் கொடுத்து, அவர் தின்று முடிக்கும்வரை எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

கீழ்வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. மோட்டார் போட, விளக்குப் போடப் போய்வருவேன். தொட்டிக்கு ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் ஊற்றுவேன். தூள்கூடப் போடவில்லை. கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்து உள்ளே சரியாகத் தெரியாது. ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பாசியின் மேல் தூசி நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். தூசிக்குக் கால்கள் இருந்தன. கண்ணாடி முழுக்க, இலை முழுக்க, பஞ்சு முழுக்கக் குஞ்சுகள். அன்று அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்த பிறகு, அக்கா தொட்டிப் பக்கம் வந்தார். முகம் இளைத்திருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ கீதுங்க!" என்றார். "நீ போட்டியா?"

"இல்லக்கா. ஒண்ணும் போடல."

"பாப்பா போட்டுச்சா?" என் மனைவியை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

"அவளும் போடல. கண்ணாடியில படியற பாசிய தின்னுதுங்க. அதுவே போதும் அதுங்களுக்கு."

"இத்தினி நாளா யாரும் ஒண்ணும் போடல?"

"யாரும் போடல."

அக்கா கண்ணாடியில் ஒரு விரலை வைத்தார். குஞ்சு ஒன்று அந்த விரலுக்கு நேராக வந்து பாசியைச் சுரண்டியது. அவர் திரும்பி மாமா படுத்திருந்த அறையைப் பார்த்தார். மாமாவின் சாப்பாட்டைப் பற்றி நான் மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதைப் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் அவர் மாடிக்கு வந்தார், வெறுங்கையோடு.

"தம்பி, மத்தியானம் அவரு துன்ற நேரத்துக்குக் கீழ வந்து ஒக்காரு."

"எதுக்குக்கா?"

"அவரு கேட்டா என் கை நிக்காது. நீ பாத்துக்கினு இருந்தா நிக்கும்."

கல்லூரி அழைப்பு இன்னும் வரவில்லை, வேறு வேலையும் இல்லை. போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்த நேரம் வேறு இல்லை. அக்கா ஒரு தட்டில் இரண்டு சப்பாத்தி, நிறையக் கீரை, ஒரு கிண்ணம் பருப்பு வைத்துக் கொடுப்பார். மாமா அதை நிமிஷத்தில் முடித்துவிட்டுத் தட்டை நீட்டுவார். பஸ் ஓட்டின காலத்தில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், மறுபடி மறுபடி நீட்டுவார். அக்காவின் கை தானாகப் பாத்திரத்துக்குப் போகும். என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். கை நின்றுவிடும்.

"இவன் யாரு நடுவுல?" என்று ஒரு நாள் மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வாடகைக்குக் கீறவன் என் தட்ட பாக்க ஒக்காந்துக்கினு கீறான். துன்னு துன்னுன்னு நீதானே என் வயித்த பெருசாக்கின? இப்ப இல்லன்னு சொன்னா அது சின்னதாவுமா?"

அக்கா அடுப்பங்கரைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது, மாமாவுக்குக் கேட்காதபடி என்னிடம், "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுசன்கிட்ட இல்லன்னு நான் சொன்னதேயில்ல தம்பி" என்றார்.

ஊரிலிருந்து வருகிறவர்களை மலையிலிருந்து நேரே பஸ் ஏறச் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் லட்டு வருவது நின்றது. வாசலுக்கு வரும் பூனைகள்கூடக் குறைந்துவிட்டன. மகள் போன் செய்தால் தட்டைக் காட்டச் சொல்வது இல்லை. வீடு அமைதியாகி, இருக்கவே பிடிக்காத இடமாகிவிட்டது. இவ்வளவு காலம் அவர் போடுவது எனக்கு எரிச்சல். இப்போது அவர் போடாமல் இருப்பதும் எரிச்சலாக இருந்தது.

நாங்கள் பிறகு மனைவியின் வேலைக்காகச் சத்தியவேடு பக்கம் வீடு மாறினோம். தொட்டியை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அவரைக் கடைசியாக நெருக்கத்தில் பார்த்த நாளாக நினைப்பது வீடு மாறிய நாளை அல்ல, அதற்கு முன்னால் மாமாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன நாளைத்தான்.

அதே டாக்டர்தான். கட்டைப் பிரித்தார். புண் மூடியிருந்தது, புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். கால் தப்பித்தது என்றார். அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, "சால பாக சூஸ்குன்னாரம்மா, ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று இரண்டு மொழியிலும் பாராட்டினார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தார்.

ஆட்டோவில் மாமா ஓரமாக, அக்கா நடுவில், நான் இந்தப் பக்கம். மேம்பாலம் ஏறியதும் அக்கா என்னிடம் திரும்பினார்.

"இன்னா நல்லா பாத்துக்குனேன்? சொல்லு. பசிக்குதுன்னு தட்ட நீட்டின மனுசன்கிட்ட இல்லன்னு சொன்னேன். அதுக்குப் போயி அந்தப் புள்ள எனக்குக் கும்புடு போடுது. இனிமே அப்டி பண்ணாதன்னு நீ அதுகிட்ட சொல்லு தம்பி."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மாமா வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலேயே, "விடு. இப்பல்லாம் எனக்கு அவ்ளோ பசிக்கறதில்ல" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பொய் சொல்றாரு."